வீட்டில் தமிழ் பேசாதீர்கள் என்னும் அறிவுரை

ஒன்றாம் வகுப்பின் முதல் பெற்றோர் கூட்டத்தில் ஓர் அறிவுரை ஏறத்தாழத் தவறாமல் வழங்கப்படுகிறது. “பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை. வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசிப் பழக்குங்கள்.” பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஆட்டோ ஓட்டும் தந்தையும் பூக்கட்டி விற்கும் தாயும் இதைத் தலையசைத்துக் கேட்டுக்கொள்கிறார்கள். தங்களுக்கு ஆங்கிலம் வராது என்பதை அந்தக் கூட்டத்தில் சொல்ல அவர்களுக்கு நாணம். அன்று மாலை முதல் அந்த வீட்டில் ஒரு விந்தையான மொழி பிறக்கிறது. ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘டோன்ட் டாக்’. கதை நின்றுபோகிறது. பாட்டியின் வம்பளப்பு நின்றுபோகிறது. குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையிலான உரையாடல் இருபது ஏவல்களாகச் சுருங்குகிறது.

இந்த அறிவுரை தவறானது. மொழியியல், கல்வியியல் இரண்டின் அடிப்படைப் பாடங்களுக்கும் எதிரானது. அதைச் சொல்லும் பள்ளிக்கு அதனால் ஒரு நன்மை உண்டு: வகுப்பறையில் நிகழ வேண்டிய கற்பித்தல் நிகழவில்லை என்ற குறை, வீட்டின் குறையாகக் கைமாறிவிடுகிறது.

ஆறு வயதுக் குழந்தை ஒன்றும் அறியாமல் பள்ளிக்கு வருவதில்லை. அது கொண்டுவரும் தமிழைச் சற்று உற்றுக் கேட்க வேண்டும். ‘மாமா வந்தாரு’ என்பதற்கும் ‘மாமா வந்தாராம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது பிழையின்றி ஆள்கிறது. கண்ணால் கண்டதை ஒரு வடிவத்தாலும், பிறர் சொல்லக் கேட்டதை மற்றொரு வடிவத்தாலும் குறிக்கிறது. ‘மழை பெஞ்சா போக மாட்டோம்’ என்று நிபந்தனையை அமைக்கிறது. ‘நேத்து வாங்குன பொம்மை’ என்று பெயரெச்சத்தால் ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. கண்டதும் கேட்டதும் வேறு, காரணம் இருந்தால் விளைவு இருக்கும், பல பொருள்களில் ஒன்றைச் சுட்ட வேண்டும் என்பவைதாம் பின்னாளில் அறிவியலும் கணக்கும் கேட்கும் சிந்தனைகள். இத்தனையும் கைவரப்பெற்ற குழந்தையைப் பார்த்துத்தான் ‘திஸ் இஸ் எ காட்’ என்று நாற்பது முறை எழுதச் சொல்கிறார்கள். ‘காட்’ என்றால் என்ன என்று கேட்டால் பல குழந்தைகள் விழிக்கும். பூனையைச் சொல்லும் ‘கேட்’டும் வாயிலைச் சொல்லும் ‘கேட்’டும் தமிழெழுத்தில் ஒன்றுபோல் இருப்பது நமக்கு வேடிக்கை; உச்சரிப்பில் ஆசிரியருக்கே அந்த வேறுபாடு உறுதியாக இல்லாத வகுப்பறையில் அது வேடிக்கை அன்று.

இதற்குச் சொல்லப்படும் மறுமொழி பழையது: “சின்னப் பிள்ளை, எந்த மொழியானாலும் தானாகப் பிடித்துக்கொள்ளும்.” எப்போது, யாரிடமிருந்து பிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. ஸ்ரீராம்புரத்துக் குழந்தை கன்னடத்தை உண்மையிலேயே தானாகப் பிடித்துக்கொள்கிறது. தெருவில், கடையில், பேருந்தில் கன்னடம் பேசும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு அதற்கு வேலை இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்தத் தெரு இல்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்லும் வாய்பாட்டுத் தொடர்களும் நோட்டுப் புத்தகத்தின் நான்கு கோடுகளுமே அங்கே ஆங்கிலத்தின் மொத்த உலகம்.

தெருவும் வகுப்பும் சேர்ந்து ஒரு மொழியைத் தரும் நாட்டிலேயே இது எளிதாக இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தி வந்தார். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஏறக்குறைய இரண்டாண்டில் வந்துவிடும். பாடத்தைப் புரிந்து, படித்து, எழுதுவதற்கான மொழி அந்நாட்டுக் குழந்தைகளுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழாண்டுகள் ஆகும். சுற்றிலும் ஆங்கிலமே ஒலிக்கும் டொராண்டோவின் கணக்கு இது. அந்த இடைக்காலத்தில் குழந்தை எதைக் கொண்டு கணக்கையும் சூழலியலையும் புரிந்துகொள்ளும்? முதலில் அறிந்த மொழியைக் கொண்டுதான். அதைத்தான் வீட்டில் நிறுத்திவிடச் சொல்கிறது பள்ளி.

கனடாவையே சான்று காட்டி எதிர்வாதம் செய்வோரும் உண்டு. 1965-இல் மான்ட்ரியாலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைத் தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சு வழியில் படிக்கவைத்தார்கள், நன்றாகப் படித்தார்கள், ஆகவே அயல்மொழி வழிக் கல்வி தீங்கில்லை என்பது வாதம். அந்த வகுப்பறையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். ஆசிரியருக்குக் குழந்தைகளின் மொழியும் தெரியும். முதலில் குழந்தை ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னால் ஏற்றுக்கொண்டார்கள். எல்லாக் குழந்தைகளும் பிரெஞ்சில் ஒரே தொடக்கநிலையில் இருந்தன. வீட்டில் ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் இருந்தன. இரண்டாம் வகுப்பில் பள்ளியே ஆங்கில வாசிப்பைத் தொடங்கியது. வீட்டில் ஆங்கிலம் பேசாதே என்று எவரும் சொல்லவில்லை. நீச்சல் கற்றவர் அருகில் நிற்க நீரில் இறங்குவதும், கிணற்றில் தள்ளிவிடுவதும் ஒன்றல்ல. பின்னதற்குக் கல்வியியலார் ‘மூழ்கடித்தல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கச் சான்று நைஜீரியாவில் கிடைத்தது. 1970-இல் இஃபே பல்கலைக்கழகம் பாப்ஸ் ஃபஃபுன்வாவின் தலைமையில் தொடங்கிய திட்டத்தில் தொடக்கப் பள்ளியின் ஆறாண்டும் யொரூபா மொழியில் கற்பித்தார்கள். ஆங்கிலம் தனிப் பாடமாக, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியரால் கற்பிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. ஆங்கிலம் வேண்டும் என்ற ஆசைக்கும் ஆங்கில ‘வழி’ வேண்டும் என்ற ஆசைக்கும் இடையே உள்ள பள்ளத்தை அந்த ஒரு திட்டம் தெளிவாகக் காட்டிவிட்டது. ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1953-ஆம் ஆண்டிலேயே தாய்மொழித் தொடக்கக் கல்வியைப் பரிந்துரைத்துவிட்டது. இதில் புதுமையே இல்லை. பெற்றோரின் காதுக்கு மட்டும் இது வந்து சேரவில்லை.

கர்நாடகத்தின் கதை வேறு வகையில் திருகலானது. கோகாக் குழு 1981-இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டு கன்னடத்துக்கான பெரும் கிளர்ச்சி நடந்தது. 1994-இல் மாநில அரசு ஓர் ஆணையிட்டது: ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை கற்பிக்கும் மொழி தாய்மொழியாகவோ கன்னடமாகவோ இருக்க வேண்டும். அதை எதிர்த்து வழக்காடியவை ஆங்கில வழிப் பள்ளி நிர்வாகங்களின் சங்கங்கள். 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தாய்மொழி வழியை அரசு திணிக்க முடியாது என்றும், குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவுசெய்யலாம் என்றும் தீர்ப்பளித்தது. சிறுபான்மை மொழியினரின் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கும் அரசமைப்பின் 350அ பிரிவும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது.

அரசு ஒரு குடும்பத்தின் மொழியைத் தீர்மானிக்கக் கூடாது என்பது சரியான அச்சம். பெங்களூருவின் தமிழர்கள் அந்த அச்சத்தை அறிவார்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் நிரப்பும் ஒரு கட்டத்தால் தாய்மொழி மாறிவிடுவதில்லை. ‘ஆங்கிலம்’ என்று தந்தை எழுதிய தாளைக் குழந்தையின் காது படிப்பதில்லை. உரிமை பெற்றோருக்குக் கிடைத்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தேவையான செய்தி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இடைவெளியில் பள்ளி விளம்பரப் பலகை நுழைந்துகொண்டது.

தீர்ப்பின் மறு ஆண்டில் கன்னட மொழி கற்றல் சட்டம் வந்தது. 2017-18 முதல் படிப்படியாக, எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்பட வேண்டும். ஒரு மாநிலத்தில் வாழும் குழந்தை அம்மாநில மொழியைக் கற்பதில் குறை காண ஒன்றுமில்லை. விளைவை மட்டும் பெற்றோர் உணர வேண்டும். ஸ்ரீராம்புரத்துத் தமிழ்க் குழந்தை ஆங்கில வழிப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் இரண்டு எழுத்து முறைகளை ஒரே ஆண்டில் சந்திக்கிறது. இரண்டும் அது வீட்டில் பேசும் மொழியின் எழுத்துகள் அல்ல. கர்நாடகத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழை முதல் மொழியாக எழுத இன்றும் இடமுண்டு. அதைக் கற்பிக்கும் ஆசிரியர் உள்ள பள்ளியைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்து முறை பற்றி ஒரு செய்தி, பல வீடுகளில் வீண் அடிகளைத் தவிர்க்கக்கூடியது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். கன்னடத்துக்கு அடிப்படை எழுத்துகளே 49. உயிர்க்குறிகளும் ஒத்தெழுத்துகளும் சேர்ந்தால் நூற்றுக்கணக்கில் போகும். தமிழில் 247. பெங்களூருவில் கன்னடம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை எழுத்துகளைக் கற்பது முதலாண்டோடு முடிவதில்லை, மூன்றாம் நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று காட்டியது. அது குழந்தையின் மந்தமன்று, எழுத்து முறையின் இயல்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை தீபாவளிக்குள் ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறதே, நம் பிள்ளைக்குக் கன்னட எழுத்து பாதிகூட வரவில்லையே என்று ஒப்பிடுவது நெல்லையும் கீரையையும் ஒரே நாளில் அறுக்க நினைப்பது. ஆங்கிலத்தின் கடினம் 26 எழுத்துகளுக்குப் பின்னர்தான் தொடங்குகிறது. அங்கே எழுத்தும் ஒலியும் ஒன்றுக்கொன்று உண்மையாக இருப்பதில்லை.

கன்னடம் தமிழ்க் குழந்தைக்குச் சுமை என்று சொல்லும் தமிழ்ப் பெற்றோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி, பத்து – ஹத்து. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில்தான் தொடங்கின. வேர் – பேரு, வெள்ளி – பெள்ளி, விடு – பிடு. இந்தப் பகரத்தைப் பெங்களூரு என்னும் பெயரின் முதலெழுத்துப்போல் ஒலிக்க வேண்டும். செவி – கிவி, சேரி – கேரி. மூன்றே மூன்று ஒலி மாற்றங்களை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் நூறு சொற்களுக்குக் கதவு திறக்கும். எண்களைப் பாருங்கள்: ஒந்து, எரடு, மூரு, நாலகு, ஐது. கூடவே, தமிழில் பதினொன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் தெரிகின்றன; கன்னடத்தின் ஹன்னொந்துவிலும் அப்படியே. ஆங்கிலத்தின் ‘இலெவன்’, ‘ட்வெல்வ்’ என்னும் சொற்களுக்குள் எந்தப் பத்தும் தெரியாது. இடமதிப்பு என்னும் ஒன்றாம் வகுப்பின் மிகக் கடினமான கருத்தைத் தன் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கும் மொழியை ஒதுக்கிவிட்டு, அதை மறைக்கும் மொழியில் கணக்கைத் தொடங்குவது எந்த வகை அறிவு? (தொண்ணூறு மட்டும் தமிழிலும் தொல்லைதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.)

ஆகவே நேரடியாகச் சொன்னால், தமிழ் வழிப் பிரிவு எட்டும் தொலைவில் இல்லாத இடத்தில், வீட்டில் தமிழ் செழித்திருக்க, அருகிலுள்ள கன்னட வழி அரசுப் பள்ளி, ஆங்கிலம் பேசத் தெரியாத ஆசிரியர் நடத்தும் ஆங்கில வழிப் பள்ளியைவிட ஸ்ரீராம்புரத்துக் குழந்தைக்கு நல்லது. இதைத் தமிழில் எழுதினால் இனத்துரோகம் என்பார் சிலர் இருப்பர். மேடைகளில் தமிழின் தொன்மையை முழங்கிவிட்டுத் தம் பேரப்பிள்ளைகளை ஆங்கிலத்தில் கொஞ்சுவோரின் கோபத்துக்கு மதிப்பளிக்க வேண்டியதில்லை. கர்நாடக அரசுப் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளில் நடக்கும் ‘நலி கலி’ முறை 1995-இல் மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவன கோட்டையில் தொடங்கியது. அதன் மூலம் ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் வந்த செயல்வழிக் கற்றலுக்கும் அதுவே மூலம். அட்டைகளும் குழுக்களுமாக, குழந்தை தன் வேகத்தில் ஏறும் ஏணி அது. எல்லாப் பள்ளியிலும் நன்றாக நடக்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. ஆசிரியர் இல்லாத வகுப்பும் கழிப்பறை இல்லாத பள்ளியும் உண்மை. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடங்களைப் பெற்றோருக்குத் தந்திருப்பது அதற்காகத்தான். தனியார் பள்ளியில் வாயிற்காவலரைத் தாண்டவே இயலாத பெற்றோருக்கு இங்கே நாற்காலி உண்டு.

2019-20-இல் மாநில அரசு 1000 அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்கியபோது கன்னட எழுத்தாளர் பலர் எதிர்த்தனர். பெற்றோரோ வரிசையில் நின்றனர். அந்த வரிசையை ஏளனம் செய்யக் கூடாது. பாட்டனார் ஆலையில் உழைத்தார். மல்லேசுவரத்தில் ராஜா மில் நின்ற இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது, அதன் கடைகளில் வேலை கேட்டால் ஆங்கிலம் கேட்கிறார்கள். 1991 டிசம்பரில் காவிரியை முன்னிட்டு இந்நகரத்துத் தமிழர் மீது நடந்த வன்முறைக்குப் பின் பேருந்தில் தமிழைத் தணிந்த குரலில் பேசப் பழகிய தலைமுறையின் பிள்ளைகள் இந்தப் பெற்றோர். ஆங்கிலம் அவர்களுக்கு ஊதியம் மட்டுமன்று, யாருக்கும் பகையல்லாத ஒரு பொதுவெளி. அந்த ஆசையை விற்பனைப் பொருளாக்கி, ஆங்கிலத்தைத் தராமலே கட்டணத்தைப் பெற்றுக்கொள்வோரிடம்தான் சினம் செல்ல வேண்டும்.

அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. சேர்க்கையின்போது நன்கொடை வாங்குவதையும், குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்து தேர்ந்தெடுப்பதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் தடுக்கிறது. தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டம் வாங்குவதும், மற்றப் பிள்ளைகள் முன் நிறுத்தி நகைப்பதும் மன வதை. அதை 17-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. 2020-இன் தேசியப் புத்தகப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் தாய், இரவு ஒன்பது மணிக்குத் தூங்கி விழும் பிள்ளையை எழுப்பி நான்கு பக்கம் எழுதவைப்பது எந்த விதியின்படியும் தேவையில்லாதது.

வயதையும் சொல்லிவிட வேண்டும். 2025-26 முதல் ஜூன் 1 அன்று 6 வயது நிறைந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்று கர்நாடகம் முடிவுசெய்திருந்தது. பெற்றோர் தந்த நெருக்குதலில் அந்த ஓராண்டுக்கு மட்டும் 5 ஆண்டு 5 மாதமாகத் தளர்த்தப்பட்டது. ஏழு மாதத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறார்கள் என்பது தெரியவில்லை. ஃபின்லாந்தில் ஏழு வயதாகும் ஆண்டில்தான் பள்ளி தொடங்குகிறது. பென்சிலைப் பிடிக்கும் விரல்கள் முதிராத குழந்தையின் கையெழுத்தைக் கண்டு அதன் அறிவை அளப்பது அந்த அவசரத்தின் மறுபக்கம்.

பெற்றோர் வேறொன்றை அளக்கலாம். கிராமப்புறங்களில் மட்டும் ஆய்வு செய்யும் ‘அசர்’ கணக்கெடுப்பு ஸ்ரீராம்புரத்துக்கு வராது. ஆனால் அதன் கருவி எவருக்கும் எட்டக்கூடியது. பாடப்புத்தகத்தில் இல்லாத மூன்று எளிய வாக்கியங்களைக் குழந்தை முன் வைத்து, படிக்கச் சொல்லி, பிறகு என்ன புரிந்தது என்று தமிழில் கேட்பது. ஒப்பித்த பாடத்தை ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டும் ‘படிக்கும்’. காணாத வாக்கியத்தை அப்படிப் படிக்க இயலாது. ஆண்டிறுதியில் எந்த மொழியிலும் காணாத வாக்கியம் ஒன்றைப் படித்துப் பொருள் சொல்ல முடியவில்லை என்றால், மதிப்பெண் அட்டையில் எத்தனை நட்சத்திரம் ஒட்டியிருந்தாலும் அந்த ஆண்டு கற்பித்தல் நடக்கவில்லை.

ஆங்கில வழியிலேயே சேர்த்துவிட்ட பெற்றோர் மிகுதி. அவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது, அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. பள்ளியில் நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லி, நடுவில் ‘ஏன்?’, ‘அப்புறம்?’ என்று கேட்பது. கடையில் மீதிச் சில்லறையைக் குழந்தையை எண்ணவிடுவது. ‘க’வில் தொடங்கும் சொல்லைப் படுக்கையில் மாற்றி மாற்றிச் சொல்வது, ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் அந்தப் பழக்கம் ஆங்கில வாசிப்புக்கும் உதவும். ஒரு மொழியில் வாசிக்கக் கற்ற மூளை அந்தத் திறனை மற்றொரு மொழிக்கும் எடுத்துச்செல்லும். ஆகவே வாரத்தில் மூன்று நாள், பதினைந்து நிமிடம், தமிழெழுத்து. புத்தகத் தமிழ் வீட்டுத் தமிழிலிருந்து விலகியிருப்பதால் குழந்தை முதலில் திகைக்கும். ‘வந்தாங்க’ என்பதை ஏட்டில் ‘வந்தார்கள்’ என்று எழுதுவோம் என்று ஒருமுறை சொன்னால் போதும். பாட்டியிடம் ஒரு விதமாகவும் டீச்சரிடம் ஒரு விதமாகவும் பேசும் குழந்தைக்கு அது புரியாத செய்தி அன்று.

அடுத்த கூட்டத்தில் வகுப்பாசிரியர் மீண்டும் அதே அறிவுரையைச் சொல்லும்போது, தாய் தமிழிலோ கன்னடத்திலோ திருப்பிக் கேட்கலாம்: பிள்ளைக்குப் பாடம் புரியாதபோது நீங்கள் எந்த மொழியில் விளக்குகிறீர்கள்? இந்தக் கேள்வியை நேர்மையான ஆசிரியர் வரவேற்பார். அவரும் அதே நாற்பது குழந்தைகளின் மௌனத்தோடு தினமும் போராடுகிறவர்தான், நிர்வாகத்துக்கு அஞ்சித் தமக்குத் தெரிந்த மொழியையும் வகுப்பில் மறைத்துக்கொண்டு.